மரபணுத்தொகுதிக் கல்வியும் அது காட்டும் பணிகளும்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையை ஒட்டியுள்ள பழவங்காடி, 'பழைய அங்காடி' என்னும் பொருளைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் இடமாகும். கணபதி கோயிலால் பெரிதும் அறியப்படும் இப்பகுதிக்கு அருகிலேயே சாலைக் கடைத்தெரு தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த இக்கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தி வருகின்றனர். இங்கே குவியும் சரக்குகளுள் மிளகுக்குத் தனி வரலாறு உண்டு. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா, மிளகு வாணிபத்தை அரசின் தனியுரிமை ஆக்கினார். திருவிதாங்கூரின் படைக்கும் நிர்வாகத்துக்கும் பொருள் தந்தவற்றுள் மிளகும் ஒன்று.

இந்த மிளகின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலை. உலகின் முதல் கலப்பின மிளகு வகையான 'பன்னியூர் 1', கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1971-இல் வெளியிடப்பட்டது. ஆயினும், மிளகுக் கொடியின் முழு மரபணுத்தொகுதியைக் குரோமோசோம் அளவில் படித்து 2019-இல் உலகுக்கு அளித்தவர்கள் சீனத்தின் ஹைனான் தீவைச் சார்ந்த ஆய்வாளர்கள் தலைமையிலான குழுவினர். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்னும் பொருள் கொடியில் எவ்வாறு உண்டாகிறது என்பதற்கான தடயங்களும் அவ்வாய்வில் வெளியாயின.

ஓர் உயிரினம் நம் மண்ணில் விளைகிறது என்பதனாலேயே அதைப் பற்றிய அறிவு நம்மிடம் விளைந்துவிடாது. அதனைப் படிக்கவும், படித்ததற்குப் பொருள் காணவும் பயிற்சி பெற்ற மனிதர் வேண்டும். மரபணுத்தொகுதியியல், அதாவது 'ஜீனோமிக்ஸ்', என்னும் துறையைப் பல்கலைக் கழகத்தில் பயில விரும்பும் மாணவரும், அவருக்குப் பணியிடம் வகுக்க வேண்டிய அதிகாரியும் முதலில் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

மரபணுத்தொகுதி என்பது யாது?

ஓர் உயிரின் உடற்கூறுகளை நிர்ணயிக்கும் செய்தி, டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது எனலாம். அந்த எழுத்துகளின் முழு வரிசையே மரபணுத்தொகுதி ஆகும். மனிதரிடம் இவ்வரிசை ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. இதில் புரதங்களுக்கான குறிப்பைத் தாங்கும் மரபணுக்கள் சுமார் 20,000. மரபியல் ஒரு மரபணுவையோ சில மரபணுக்களையோ தனித்தெடுத்து ஆராய்கிறது. மரபணுத்தொகுதியியலோ அனைத்தையும் ஒருசேர நோக்கி, அவற்றினிடையே உள்ள தொடர்புகளை ஆராய்கிறது.

டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பு 1953-இல் வெளியாயிற்று. எழுத்து வரிசையைப் படிக்கும் நடைமுறைக்கேற்ற முறையை 1977-இல் பிரெடரிக் சாங்கர் அளித்தார். மனித மரபணுத்தொகுதித் திட்டம் 1990-இல் தொடங்கி 2003-இல் நிறைவுற்றது. அதன் செலவு ஏறத்தாழ 300 கோடி டாலர். விட்டுப்போன இடைவெளிகள் 2022-இல்தான் பெரும்பாலும் நிரப்பப்பட்டன. இன்று ஒருவரின் மரபணுத்தொகுதியைப் படிக்க ஆயிரம் டாலருக்கும் குறைவாகவே ஆகிறது. ஒரு பொருளின் உற்பத்திச் செலவு இத்தனை விரைவாக வீழ்ந்த நிகழ்ச்சி பொருளாதார வரலாற்றில் அரிது.

படிப்பது எளிது, பொருள் காண்பது அரிது

செலவு குறைந்ததால் சிக்கல் இடம் மாறியுள்ளது. இன்று பெரிதும் வழக்கிலுள்ள கருவிகள் டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் 150 எழுத்துகள் அளவில் படிக்கின்றன. பிழை நேராதிருக்க ஒவ்வோர் இடமும் சராசரியாக முப்பது முறை படிக்கப்படுகிறது. ஆகவே ஒரு மனிதருக்கே 9,000 கோடி எழுத்துகள் வந்து குவிகின்றன. கணிப்பொறியின் துணையால் இத்துண்டுகளை உரிய இடங்களிற் பொருத்தி, ஏற்கெனவே உள்ள ஒரு மாதிரித் தொகுதியுடன் ஒப்பிடும்போது, ஒவ்வொருவரிடமும் 40 இலட்சம் முதல் 50 இலட்சம் வேறுபாடுகள் தென்படும். அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. நோய்க்குக் காரணமானது எது என்று காண்பதே உண்மையான வேலை.

இதற்கு நம் மக்களின் இயல்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது. மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தாரும், ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தாரும், பிற ஆய்வாளர்களும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்றாகும். இதயத் தசையின் ஒரு புரதத்திற்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போகும் குறைபாடு தெற்காசிய மக்களில் நூற்றுக்கு நால்வரிடம் உள்ளதென்றும், அது இதயத் தசை நோயுடன் தொடர்புடையதென்றும் அவ்வாய்வு காட்டியது. பிற கண்டத்து மக்களிடம் இக்குறைபாடு அரிது. வெளிநாட்டு மக்களின் மாதிரிகளை மட்டும் வைத்து ஆராய்ந்திருந்தால் இது எவர் கண்ணுக்கும் புலப்பட்டிராது.

இத்தேவையை முன்னிட்டே 2020-இல் 'ஜீனோம் இந்தியா' திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. திருவனந்தபுரத்தின் இராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் உள்ளிட்ட இருபது நிறுவனங்கள் இணைந்து, எண்பதுக்கும் மேற்பட்ட மக்கள் பிரிவினரிடமிருந்து 10,000 பேரின் மரபணுத்தொகுதிகளைப் படித்தன. 2025 ஜனவரி 9 அன்று இத்தரவுகள், பரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தின் வழியே ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 18 கோடி மரபு வேறுபாடுகள் அவற்றிற் காணப்பட்டன. இக்களஞ்சியத்திலிருந்து பயன் எடுக்கப் போகிறவர் எவர் என்பதே இனிமேல் கேள்வி. மிளகை மூட்டையாக அனுப்பி, அதன் சாற்றை மருந்தாகத் திரும்ப வாங்கும் வாணிபத்தை ஒத்த நிலை தரவுகளிலும் வரலாகாது.

பாடத்திட்டத்தின் உள்ளடக்கம்

இக்கல்வி மூன்று தூண்களின் மேல் நிற்கிறது. முதலாவது உயிரியல்: மூலக்கூறு உயிரியல், மரபியல், உயிர்வேதியியல், பரிணாமம் ஆகியவை. இரண்டாவது புள்ளியியல்: நிகழ்தகவு, மாதிரி எடுத்தல், கருதுகோள் சோதனை. மூன்றாவது கணிப்பொறி: லினக்ஸ் இயங்குதளம், பைத்தான், ஆர் போன்ற மொழிகள், பெருந்தரவுகளைக் கையாளும் முறை. இவற்றுடன், மாதிரியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது முதல் கருவியில் ஏற்றுவது வரையிலான ஆய்வகக் கைப்பழக்கமும் வேண்டும்.

நம் மாணவர்களிடம் பொதுவாகக் குறைவுபடுவது இரண்டாவது தூணே. மேனிலைப் பள்ளியில் கணிதத்தைக் கைவிட்டு உயிரியலுக்கு வருவோர் பலர். இருபதாயிரம் மரபணுக்களை ஒரே வேளையில் சோதிக்கும்போது, நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான பிழை வரம்பை வைத்துக்கொண்டால், தற்செயலாகவே ஆயிரம் மரபணுக்கள் குற்றவாளிகளாகத் தோன்றும். இந்த எளிய கணக்கை உணராதவர் கையில் விலையுயர்ந்த கருவியும் பொய்யே உரைக்கும். எனவே, உயிரியல் மாணவர் இளநிலைப் பட்டத்தின்போதே புள்ளியியலைத் துணைப்பாடமாகக் கொள்வது நலம்.

பயிலும் இடங்கள்

நம் நாட்டில் இத்துறைக்கான அடித்தளம் எண்பதுகளில் இடப்பட்டது. 1982-இல் தேசிய உயிரித் தொழில்நுட்ப வாரியமும், 1986-இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தோன்றின. இத்துறையில் முதுநிலைப் படிப்பை முதலில் தொடங்கிய பல்கலைக் கழகங்களுள் மதுரை காமராசர் பல்கலைக் கழகமும் ஒன்று.

திருவனந்தபுரத்தைப் பொறுத்தமட்டில், பழவங்காடியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே வாய்ப்புகள் தொடங்குகின்றன. இராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம், 1990-இல் ஒரு சிறிய அமைப்பாகத் தொடங்கி, 2007-இல் மத்திய அரசின் தேசிய நிறுவனமாயிற்று. முனைவர் பட்ட ஆய்வுடன், நோய் உயிரியல், மரபுப் பொறியியல், மூலக்கூறு நோயறிதல் போன்ற சிறப்புப் பிரிவுகளில் முதுநிலைப் படிப்பையும் அது நடத்துகிறது. கார்யவட்டத்தில் கேரளப் பல்கலைக் கழகத்தின் கணிப்பு உயிரியல் மற்றும் உயிர்த்தகவலியல் துறை உள்ளது. விதுரையில் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பை அளிக்கிறது. 'மரபணுத்தொகுதி அறிவியல்' என்ற பெயரிலேயே முதுநிலைப் பட்டம் பெற விரும்புவோர், காசர்கோட்டிலுள்ள கேரள மத்தியப் பல்கலைக் கழகத்தை நாடலாம்.

சேர்க்கை முறைகள் வேறுபடும். உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவி பெறும் முதுநிலைப் படிப்புகளுக்கு ஜி.ஏ.டி.-பி. என்னும் தேர்வும், மத்தியப் பல்கலைக் கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வும் உள்ளன. படிப்பின் பெயரைவிட ஆய்வகத்தின் தரத்தை நோக்குவதே மாணவருக்கு நன்று. இறுதிப் பருவத்தில் ஆறு மாத ஆய்வுப் பணி உண்டா, மாணவர் தம் கையாலேயே தரவுகளை ஆராய இடமுண்டா, ஆசிரியர்களுக்கு நடப்பு ஆய்வுத் திட்டங்கள் உள்ளனவா என்ற மூன்று வினாக்களைக் கேட்டறிந்த பின்னரே கட்டணம் செலுத்த வேண்டும்.

பணிகள் ஐந்து வகை

முதலாவது, மருத்துவப் பணி. பரம்பரை நோய்கள், புற்றுநோய், பிறவிக் குறைபாடுகள் ஆகியவற்றைக் கண்டறியும் ஆய்வகங்கள் அரசுத் துறையிலும் தனியார் துறையிலும் பெருகி வருகின்றன. நம் நாட்டில் அரிவாளணு இரத்தச் சோகைக்கான மரபுக்கூறு 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. வயநாடு, அட்டப்பாடி மக்களிடமும் இது உண்டு. இதனை 2047-க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கி, ஏழு கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வகுத்தது. சோதனை முடிவு கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. தாயும் தந்தையும் இக்கூற்றைச் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு என்பதை, அச்சமூட்டாமலும் இழிவுபடுத்தாமலும் அவர்தம் மொழியிலேயே விளக்க ஒருவர் வேண்டும். அவரே மரபு ஆலோசகர். மலையாளமும் தமிழும் பழங்குடி மக்களின் பேச்சும் அறிந்த ஆலோசகர்கள் மலைப்பகுதி மருத்துவமனைகளுக்கு மிகவும் தேவை.

இரண்டாவது, தொற்றுநோய்க் கண்காணிப்பு. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா நோய் பரவியது. 2020 ஜனவரி 30 அன்று நாட்டின் முதல் கொரோனா நோயாளி திருச்சூரில் கண்டறியப்பட்டார். அவ்வாண்டு இறுதியில், வைரஸின் மாற்றங்களைத் தொடர்ந்து படிக்கும் ஆய்வகக் கூட்டமைப்பை மத்திய அரசு நிறுவியது. கேரள அரசு தோன்னய்க்கலில் மேம்பட்ட வைரஸ் ஆராய்ச்சி நிறுவனத்தை ஏற்படுத்தியுள்ளது.

மூன்றாவது, வேளாண்மை. நெல்லின் மரபணுத்தொகுதியைப் படித்த பன்னாட்டு முயற்சியில் இந்தியாவும் பங்கு கொண்டது. அது 2005-இல் நிறைவேறியது. இலைக்கருகல் நோயைத் தாங்கும் மூன்று மரபணுக்களை, அடையாளக் குறிகளைக் கொண்டு தேர்ந்து சேர்த்து உருவாக்கிய 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' 2008-இல் வெளிவந்தது. சாதம் பழைய சம்பா மசூரியின் தரத்திலேயே இருக்க, நோய் எதிர்ப்பு மட்டும் கூடியது. ஸ்ரீகார்யத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் மரவள்ளியின் தேமல் நோயை ஆராய்கிறது. அதன் பயன் சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் வரை எட்டக்கூடியது.

நான்காவது, தடயவியல். இந்திய நீதிமன்றங்களில் டி.என்.ஏ. சான்று முதன்முதலாக ஏற்கப்பட்ட வழக்கு, கேரளத்தின் தலச்சேரியில் நடந்த தந்தைமை குறித்த வழக்காகும். ஐதராபாத் மையத்தின் லால்ஜி சிங் உருவாக்கிய முறை அதிற் பயன்பட்டது. இன்று குற்றப் புலனாய்வு, விபத்துகளில் இறந்தோரை அடையாளம் காணல், வனவிலங்குக் கடத்தலைத் தடுத்தல் ஆகியவற்றுக்கு இத்தகைய ஆய்வாளர்கள் இன்றியமையாதவர்கள்.

ஐந்தாவது, கணிப்பும் சட்டமும். தரவுகளை ஆராயும் உயிர்த்தகவலியலாளருக்குப் பெங்களூரு, ஐதராபாத், கொச்சி, சென்னை நிறுவனங்களில் இடமுண்டு. உயிர்வளச் சட்டம் அறிந்தோருக்கும் தேவை உள்ளது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆணையம் சென்னையில் இயங்குகிறது. பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், அகத்தியமலைக் காணிக்காரர் காட்டிய ஆரோக்கியப் பச்சை என்னும் மூலிகையிலிருந்து மருந்து உருவாக்கி, அதன் உரிமத் தொகையிற் பாதியை அம்மக்களுக்கே தொண்ணூறுகளில் பகிர்ந்தளித்தது. செடியையே கொண்டுபோகாமல் அதன் எழுத்து வரிசையை மட்டும் கணிப்பொறியில் அனுப்பிவிடக்கூடிய காலத்தில் இப்பகிர்வை எவ்வாறு காப்பது என்பது, உயிரியலும் சட்டமும் ஒருங்கே அறிந்தோர் தீர்க்க வேண்டிய கேள்வி.

வேலை நிலவரம் உள்ளபடி

இவ்வளவு கூறிய பின் ஓர் எச்சரிக்கையும் தேவை. மரபணுத்தொகுதியியல் பட்டம் பெற்றவுடன் வேலை காத்திருக்கும் என எண்ணலாகாது. முதுநிலைப் பட்டத்துடன் வெளிவருவோர் பலருக்கு முதலிற் கிட்டுவது ஆய்வுத் திட்டங்களில் தற்காலிகப் பணியே. திட்டம் முடிந்தால் பணியும் முடிந்துவிடும். தகுதித் தேர்வில் வென்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்வோருக்கான இளநிலை உதவித்தொகை, 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அப்பட்டம் பெற ஐந்தாண்டுகளும், அதன் பின் நிலையான பதவிக்கு மேலும் சில ஆண்டுகளும் ஆகின்றன. குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு உடனடியாக உள்ள மாணவர், கணிப்பையோ நோயறி ஆய்வகப் பயிற்சியையோ முதன்மையாகக் கொள்வது விவேகம்.

மற்றொரு தடை நிர்வாகத்தைச் சார்ந்தது. அரசுப் பணிகளின் ஆட்சேர்ப்பு விதிகள் பலவற்றில் 'தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல்' என்ற பழைய பட்டங்களின் பெயர்களே காணப்படும். புதிய பெயருடைய பட்டத்தைப் பெற்றவர், அது இணையானதே எனச் சான்று பெற்று வர வேண்டியுள்ளது. அதற்குள் விண்ணப்பக் கெடு முடிந்துபோவதும் உண்டு. பொருளாதார நோக்கில் இது பெரும் விரயமாகும். ஒரு கையால் அரசு பல இலட்சம் செலவிட்டு ஒரு வல்லுநரை உருவாக்குகிறது. மறு கையால் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

அதிகாரிகள் செய்யத்தக்கவை

பெருஞ்செலவு இன்றியே சில நடவடிக்கைகளை மேற்கொள்ள இயலும். சுகாதாரம், வேளாண்மை, வனம், காவல் ஆகிய துறைகள் தத்தம் ஆட்சேர்ப்பு விதிகளைத் திருத்தி, இப்பட்டங்களின் பெயர்களை வெளிப்படையாகச் சேர்க்கலாம். துணைநிலை மருத்துவப் பணியாளருக்கான 2021-ஆம் ஆண்டு தேசிய ஆணையச் சட்டம், உயிரணு மரபியலாளர், மூலக்கூறு மரபியலாளர் ஆகியோரைத் தன் அட்டவணையிற் சேர்த்துள்ளது. மாநிலங்கள் அதற்கேற்பப் பதிவையும் பதவிகளையும் உருவாக்கினால் வழி திறக்கும். ஒரு கருவிக்கு நிதி கோரும் ஒவ்வொரு திட்ட முன்மொழிவிலும், அக்கருவியை இயக்குவோர், அதன் தரவுகளை ஆராய்வோர் ஆகியோருக்கான நிலையான பதவிகளும் கணக்கிடப்பட வேண்டும். கருவி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். பயிற்சி பெற்றவர் முப்பதாண்டு பணியாற்றுவார்.

தரவுகளின் பாதுகாப்பும் அரசின் கடமையாகும். ஒருவருடைய மரபணுத்தொகுதி அவருக்கு மட்டுமன்றி, அவருடைய உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் உரிய செய்தியைத் தாங்கியுள்ளது. அதனைக் காட்டி வேலையோ காப்பீடோ மறுக்கப்படும் நிலை வந்தால், மக்கள் மாதிரி தர முன்வரமாட்டார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. மரபுத் தரவுகளுக்கு அது எங்ஙனம் பொருந்தும் என்பதை, இத்துறை பயின்றோர் நிர்வாகத்தினுள் இருந்தால்தான் தெளிவாக வரையறுக்க முடியும்.

இத்துறையில் நம் நாடு பின்தங்கியே உள்ளது என்று சொல்வதும் தவறு, முன்னணியில் உள்ளது என்று சொல்வதும் தவறு. தரவும் உண்டு, நிறுவனங்களும் உண்டு, கற்க விழையும் இளைஞரும் உண்டு. இம்மூன்றையும் இணைக்கும் பணியிடங்களே போதவில்லை. அறிவியலில் ஆர்வமும், கணக்கில் அச்சமின்மையும், சில ஆண்டுகள் பொறுத்திருக்கும் மனமும் உடைய மாணவர் இத்துறைக்குத் தயங்காது வரலாம். அவர் கற்று முடித்து வரும் நாளில் அவருக்கென ஒரு நாற்காலியைப் போட்டு வைப்பது, இன்று கோப்புகளில் கையெழுத்திடும் அதிகாரிகளின் பொறுப்பாகும்.